சிவக்காத கால்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கருவண்டு எழுதுவது. நானும் என் வாயாடிப் பெண்டாட்டியும் இங்கே நலம். நீயும் மாமாவும், மகள், மருமகன், என் குட்டிப் பேரன் எல்லோரும் அங்கே நலம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? படி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய்.

பார், நீ சொல்லிக் கொடுத்தபடி முதல் வரியிலேயே நலத்தை எழுதிவிட்டேன்.

இங்கே குளிர் எலும்பைக் குடைகிறது. சலவை ஆலைக்குள் போனால் அதற்கு நேர்மாறாகக் கொதிக்கிறது. ஓட்டல்களிலிருந்து லாரி லாரியாக அழுக்குப் படுக்கை விரிப்புகள் வருகின்றன. அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சரிவில் தள்ளிக்கொண்டு போய், யானை வயிறு போன்ற இயந்திரத்தில் திணிப்பதுதான் என் வேலை. ஊரார் புரண்ட துணியெல்லாம் நம் கையால் வெளுக்கிறது. இத்தனை வெளுப்பு மருந்துக்கு நடுவில் நின்றும் நான் மட்டும் வெளுக்கவில்லை. பிறந்த அன்று என்னைப் பார்த்து நீ வைத்த பெயர் இன்னும் செல்லுபடியாகிறது.

வண்டியின் மறுமுனையைப் பிடிப்பவன் இந்த ஊர்க்காரன். பால் நிறம், பூனைக் கண். அவன் பெயர் என் வாயில் நுழையாததால் பூனைக்கண்ணன் என்று வைத்துவிட்டேன். அவன் என்னை என்னவென்று கூப்பிடுகிறானோ, யாருக்குத் தெரியும். நல்லவன். தன் ரொட்டியில் பாதி தருவான்.

வாயாடி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். போன வாரம் ஈரத் தரையில் வண்டி வழுக்கி, அதன் இரும்பு விளிம்பு எனக்கும் பூனைக்கண்ணனுக்கும் முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் கீறிவிட்டது. சாதாரணக் கீறல். மாமாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

நலத்துடன்,
உன் கருவண்டு


ஜனவரி 24

அன்புத் தம்பி கருவண்டுக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதியது. இங்கே அனைவரும் நலம். நீயும் வாயாடியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் முழங்காலைக் கேட்டாய், அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஒரு கடிதத்தில் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த ஐந்தே போதும். உன் கீறல், வாயாடியின் விசாரிப்புக்கும் மாமாவின் வெயிலுக்கும் நடுவில் பதுங்கி உட்கார்ந்திருந்தது. சாதாரணக் கீறலுக்கு அந்த இடம் எதற்கு? நேராக எழுது. காயம் எவ்வளவு ஆழம்? வீக்கம் உண்டா? புறங்கையை வைத்துப் பார்த்தாயா, சூடு இருக்கிறதா? வாயாடியை வைத்துப் பார்க்கச் சொல். தன் உடம்புச் சூடு தனக்குத் தெரியாது.

முதல் வரி நல்ல வரியாக இருக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன், உண்மைதான். அப்பா போன பிறகு நாம் அழுகிறோமா என்று தெருவே எட்டிப் பார்த்தது. அவர்கள் முன்னால் நாம் கண்ணைக் கசக்கியதில்லை. அதற்காக எனக்கே கதவைச் சாத்துவாயா?

பேரனுக்குப் போன வாரம் இரண்டு தும்மல். உன் மருமகன் மருந்துக்கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கடைக்காரர் ஒரு அட்டை கேப்சூலை எடுத்து நீட்டியிருக்கிறார். "மூக்கு ஒழுகுறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு பெரிய மருந்து?" என்று நான் போய்க் கேட்டேன். "ஆன்டிபயாடிக்மா. எதுக்கும் இருக்கட்டும்" என்கிறார். மிட்டாயா இது, எதுக்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைக்க? திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். தும்மல் தானாகப் போய்விட்டது.

நீ டாக்டரிடம் காட்டிவிட்டு எழுது. தாமதம் செய்யாதே.

உன் நலமே கண்ணாக இருக்கும்,
அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை வாயாடி உரக்கப் படித்தாள். திட்டு வாங்கும் இடங்களில் அவள் குரலில் கொஞ்சம் ருசி கூடியது. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

டாக்டரிடம் போய்விட்டேன். கோபப்படாதே. இந்தத் தெருவுக்கென்று ஒரு மருத்துவமனை, அதில் ஒரே டாக்டர். சிரித்த முகம். ஒரு சொல் கடுமையாகப் பேச மாட்டார். நான் நல்ல சட்டை போட்டு, தலை வாரி, முகம் கழுவிப் போனேன். சாக்குமூட்டை மாதிரி போய் நிற்கக் கூடாது அல்லவா.

"எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன் டாக்டர்" என்றேன். கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டாமா. அதற்குள் அவர் ஏதோ எழுதிவிட்டார்.

பிறகு காலைக் காட்டினேன். நாற்காலியில் இருந்தபடியே குனிந்து பார்த்தார். "வலி இருக்கா?" "கொஞ்சம்." "சிவப்பு ஒண்ணும் இல்லையே. கிருமி ஏறினா சுத்தி சிவக்கும். இது ஆறிடும். சிவந்தா வாங்க" என்றார். வலிக்கு மாத்திரை கொடுத்தார். வெளியே வந்துவிட்டேன்.

அதே வாரம் பூனைக்கண்ணனும் போனான். அவன் கால் செக்கச்செவேல் என்று இருந்தது, அடுப்புக் கங்கு மாதிரி. பார்த்ததுமே கேப்சூல் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அவன் ஆலை முழுக்கக் குதித்துத் திரிகிறான்.

சிவப்பதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் போல, அக்கா. நான் எந்தக் காலத்தில் சிவந்தேன்? கல்யாணத்தன்று நான் வெட்கப்பட்டதுகூட யாருக்கும் தெரியவில்லை என்று வாயாடி இப்போதும் சொல்லிக் காட்டுகிறாள்.

மேல்தோல் மூடிவிட்டது. கவலை வேண்டாம்.

நலத்துடன்,
உன் கருவண்டு


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசியுடன். இங்கே நலம்.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது சிரித்தேன். மாமாவுக்குப் படித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். ராத்திரி விளக்கணைத்துப் படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்த மனிதர் உன் காலைத் தொட்டாரா? நீ எழுதியதில் குனிந்தார், பார்த்தார், எழுதினார் என்று இருக்கிறது. தொட்டார் என்று இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். அம்மை போட்டபோது உன் நெற்றியை நான் கண்ணாலா பார்த்தேன்? உன் உடம்பில் சூட்டைத் தேட வேண்டும், நிறத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா?

"மேல்தோல் மூடிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். ஆறிவிட்டது என்று எழுதவில்லை.

மருந்துக்கடைக்காரரிடமே போய் நின்றேன். போன மாதம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததை இப்போது நானே கேட்டேன். "யாருக்கும்மா?" "என் தம்பிக்கு. வெளிநாட்டுல. கால்ல காயம்." சீட்டு இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். பழைய சேலைத் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். இங்கே தும்மலுக்குக் கிடைப்பது அங்கே உனக்குக் கிடைக்கவில்லை. என்ன ஊர் அது?

வாயாடி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? அவள் பேசிக்கொண்டே இருந்தால் எனக்குத் தலைவலி. பேசாமல் இருந்தால் பயம்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அனைவர் நலமும் அறிய ஆவல்.

ஆலையில் வேலை அதிகம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை. பொட்டலம் இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

நலத்துடன்,
கருவண்டு


மார்ச் 5

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி, நீங்கள் வாயாடி என்று பெயர் வைத்தவள், வணக்கத்துடன் எழுதுகிறேன். நீங்களும் அண்ணாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

இரண்டு நாள் முன்பு அவர் உங்களுக்கு எழுதிய கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன். பெட்டிக்குள் விழுந்த பிறகு கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன், எட்டவில்லை. ஆலையில் வேலை அதிகம் என்று எழுதியிருப்பார். அவர் ஆலைக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது.

கால் முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி வீங்கிவிட்டது. மேலே தோல் மூடியிருக்கிறது, உள்ளே என்னவோ நடக்கிறது. நீங்கள் சொன்னபடி புறங்கையை வைத்தேன் அண்ணி. இஸ்திரிப் பெட்டி. நிறமோ எப்போதும் போலக் கருப்புதான், கொஞ்சம் மினுமினுப்பு கூடியிருக்கிறது, அவ்வளவே. ராத்திரியில் பல் கிட்டிக்கொண்டு நடுங்குகிறார். விடிந்ததும் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு, "பரவாயில்லடி, நேத்துக்கு இன்னிக்கு நல்லாருக்கு" என்கிறார். தினமும் இதையே சொல்கிறார்.

நான் இழுத்துக்கொண்டு போனேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? கிளம்பும் முன் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டார். "நடுங்கிக்கிட்டே போனா குடிகாரன்னு நினைப்பாங்க" என்றார். அங்கே போனதும் அந்த நல்ல டாக்டர், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க, இவர் முதுகை நிமிர்த்தி, "நல்லா இருக்கேன்" என்கிறார். எனக்கு அங்கேயே அவர் தலையில் நாலு போட வேண்டும் போல இருந்தது. டாக்டர் காய்ச்சல் பார்த்தார், இல்லை. சிவப்பு பார்த்தார், இல்லை.

"கேப்சூல் குடுங்க டாக்டர்" என்று நான் கேட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷை அவ்வளவுதான். அவர் சிரித்தார். கோபமாக அல்ல, குழந்தையிடம் சிரிப்பது போல. "உங்க ஆளுங்க எல்லாருக்கும் கேப்சூல்தான் வேணும். உங்க ஊர்ல மிட்டாய் மாதிரி தின்னு பழகிட்டீங்க. நான் அப்படிக் குடுக்க மாட்டேன்" என்றார்.

நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த கதை நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அங்கே இருந்தபோது என் வாய் நீளம் என்பீர்கள். இங்கே எனக்கு வாயே இல்லை அண்ணி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகலாம் என்றால், இந்த டாக்டரின் சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். கடையிலும் சீட்டு வேண்டும். எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து பெண்கள் பேசிக்கொள்வோம். எல்லோரும் எங்களைப் போல வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். மாடிவீட்டுக்காரியின் பிள்ளைக்குக் காதில் சீழ் வந்தபோதும் இப்படித்தான் திருப்பி அனுப்பினாராம். கீழ்வீட்டுக்காரிக்கு வெறும் சளி. அவள் பேசுவது புரியாததால் பார்க்காமலே கேப்சூல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். வேண்டியவருக்கு இல்லை, வேண்டாதவருக்கு உண்டு. எங்களில் யாரையும் அவர் உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் எழுதியது உங்கள் தம்பிக்குத் தெரியாது. உங்கள் சொல்லை மட்டும்தான் கேட்பார். ஏதாவது எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


மார்ச் 17

கருவண்டு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

வாயாடி எழுதிவிட்டாள். அவளைத் திட்டினால் உன்னோடு பேச மாட்டேன். இத்தனை வருடத்தில் அவள் வாயால் நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய். நிறைய நடந்திருக்கிறது, நான் ஒத்துக்கொண்டதில்லை.

நான் சொல்வதைக் கேள். நல்ல சட்டையைக் கழற்று. தலை வாராதே. மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைக்காதே. அந்த டாக்டர் முன்னால் போய் நில், நிற்க முடியாவிட்டால் விழு. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "செத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல். அழு. சத்தம் போட்டு அழு. நம் வீட்டு மானம் போனால் போகட்டும், நான் இங்கே இன்னொன்று சம்பாதித்துக்கொள்கிறேன். தெருவே எட்டிப் பார்த்தாலும் பார்க்கட்டும்.

உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் சொல்கிறேன். அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்து உருவி விட்டவள் நான். என்னைக் கேட்காமல் அதை விட்டுவிட உனக்கு உரிமை இல்லை.

வாயாடிப் பெண்ணே, இதை அவனுக்கு உரக்கப் படி. திட்டு வரும் இடங்களில் குரலை இன்னும் உயர்த்து.

அக்கா


ஏப்ரல் 1

அண்ணிக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே படித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னொரு மானம் சம்பாதிச்சுக்குவேன்" என்ற இடத்தில் சிரிப்பு வந்தது அவருக்கு. சிரித்துக்கொண்டே, "சரி, போவோம். அக்கா சொல்லிட்டா" என்றார். தலை வாராமல், படுத்திருந்த சட்டையோடு, மாடிவீட்டுக்காரி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு போனோம்.

அவர் அழுதார் அண்ணி. உங்களுக்காக அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்க்காத அழுகை. "முடியல டாக்டர், முடியல" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் கத்தினேன், நம் பாஷையிலேயே கத்தினேன்.

வரவேற்பில் இருந்த பெண் காவலாளியைக் கூப்பிட்டாள். "உங்க ஆளுங்க எப்பவுமே சத்தம்தான். அமைதியா இல்லன்னா வெளிய போங்க" என்றாள். டாக்டர் இவர் தோளுக்கு மேலே, தொடாமல், காற்றில் தட்டிக் கொடுத்தார். "ரொம்பப் பதட்டமா இருக்காரு. ராத்திரி தூங்க ஒரு மாத்திரை தர்றேன்" என்றார்.

நல்லா இருக்கேன் என்றால் நோய் இல்லை என்கிறார்கள். செத்துக்கிட்டு இருக்கேன் என்றால் பதட்டம் என்கிறார்கள். இவர் நிமிர்ந்து நின்றதால்தான் ஏமாந்தோம் என்று உங்களைப் போலவே நானும் நினைத்திருந்தேன். அதுவல்ல அண்ணி. நாம் எப்படிப் போய் நின்றாலும் இதுதான் நடந்திருக்கும்.

அவரை அந்தப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஆலைக்கு ஓடினேன். வாசலில் நின்று, பூனைக்கண்ணா, பூனைக்கண்ணா என்று கூவுகிறேன். அவனுக்குத்தான் அந்தப் பெயரே தெரியாதே. வண்டி தள்ளுவது போலச் செய்து காட்டினேன், யாரோ அவனைச் சுட்டிக் காட்டினார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஈர மேலங்கியோடு கூடவே வந்தான்.

வந்து ஒன்றும் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டான். "ரெண்டு பேரையும் ஒரே வண்டிதான் அடிச்சது. எனக்கு மருந்து குடுத்தீங்க. இவருக்கு ஏன் குடுக்கல?"

நானும் அந்த மருந்தைத்தான் கேட்டிருந்தேன். அவன் கேட்டதும் டாக்டர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. நாற்காலியை விட்டு எழுந்தார். முதல் முறையாகக் கால்மாட்டில் குனிந்து கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார், சுட்டுக்கொண்டவர் மாதிரி. பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

இப்போது மருந்து ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. இத்தனை நாள் ஒரு கேப்சூலுக்குக் கெஞ்சினோம், இப்போது பாட்டில் பாட்டிலாக மாட்டுகிறார்கள். கிருமி எலும்புக்குள் போய்விட்டதாம், இரத்தத்திலும் கலந்துவிட்டதாம். காலைக் காப்பாற்றப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். பார்ப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

பூனைக்கண்ணன் இங்கேதான் சுவர் ஓரமாக நிற்கிறான். தரையையே பார்க்கிறான். அவன் மேல் எனக்கு நன்றியும் இருக்கிறது, சொல்ல முடியாத ஒரு எரிச்சலும் இருக்கிறது. பாவம், அவன் என்ன செய்வான்.

கதவு திறக்கிறது. முடிக்கிறேன்.

வாயாடி


ஏப்ரல் 12

பெண்ணே,

உன் கடிதம் கிடைத்தது. கதவு திறக்கிறது என்று முடித்துவிட்டாயே, திறந்து யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள்?

நான் அனுப்பிய தகரப் பெட்டி இன்று திரும்பி வந்துவிட்டது. பிரித்துப் பார்த்து, அனுமதி இல்லை என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். சேலைத் துணியைக்கூட ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறார்கள். கேப்சூல்கள் அப்படியே இருக்கின்றன.

சாப்பிட்டாயா? யாராவது உன்னோடு இருக்கிறார்களா? மாடிவீட்டுக்காரியை விட்டுவிடாதே. நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எப்படிப் போய் நின்றாலும் இதுதான் நடந்திருக்கும் என்றாய். அதை நம்பினால் என் நெஞ்சு ஆறவில்லை, நம்பாவிட்டாலும் ஆறவில்லை.

ஒரு வரி எழுது. நல்ல வரியாக இருக்க வேண்டாம்.

அண்ணி


ஏப்ரல் 27

பெண்ணே,

தபால்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நான் வாசலில் நிற்கிறேன். தெருவே பார்க்கிறது. பார்க்கட்டும்.

அவன் இருக்கிறானா? அதை மட்டும் எழுது.

அண்ணி


மே 19

அக்கா,

நான் நலமாக இல்லை.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உனக்கு இப்படி எழுத என் கை பழகவில்லை. ஆனால் இருக்கிறேன். நீ கேட்டதற்கு அதுதான் பதில்.

கால் போய்விட்டது. முழங்காலுக்கு மேலே. காப்பாற்றப் பார்த்தார்கள், பிறகு ஆளையாவது காப்பாற்றலாம் என்று ஆகிவிட்டது. வாயாடி எழுத உட்கார்வாள், நீ எண்ணெய் தேய்த்து உருவி விட்ட கால் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துப் பேனாவை மூடிவிடுவாள். அதனால்தான் இத்தனை நாள் உன்னை வாசலில் நிறுத்திவிட்டோம். அவளைத் திட்டாதே.

மயக்கம் தெளிந்தபோது கால் அங்கேயே இருப்பது போல இருந்தது. இப்போதும் இருக்கிறது. இல்லாத கால் அரிக்கிறது அக்கா. எங்கே சொறிவது?

ஆலையில் வண்டிக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவனும் நம்மைப் போலக் கருப்புதானாம். பூனைக்கண்ணன் வாரம் தவறாமல் வந்து பார்க்கிறான். ரொட்டி கொண்டு வருகிறான், பாதி அல்ல, முழுதாக. ஒரு நாள் தன் பேண்ட்டைச் சுருட்டித் தன் கால் தழும்பைக் காட்டினான். எதற்குக் காட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. மெல்லிய வெள்ளைக் கோடு. சட்டென்று சுருட்டியதை இறக்கிவிட்டுக்கொண்டான்.

அந்த டாக்டரும் வந்தார். பழக் கூடையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில், கால் இல்லாத பக்கமாக நின்றார். இடம் மாறி நிற்கலாமா என்று யோசித்தார், ஆனால் நகர்ந்தால் தப்பாகிவிடுமோ என்று நின்றுகொண்டார் போல. பிறகு அவர் வாயிலிருந்து அதே கேள்விதான் வந்தது. பழக்கம்தானே.

"எப்படி இருக்கீங்க?"

எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது அக்கா, நல்லா இருக்கேன் என்று. அத்தனைக்குப் பிறகும். வாயாடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இல்ல" என்றேன்.

வருத்தமாகத் தலையை ஆட்டினார். சிவப்பு தெரியவே இல்லை, தெரிந்திருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பேன் என்று ஏதோ சொன்னார். பொய் சொல்கிற முகம் அல்ல அது. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாங்கள் வீடு திரும்பினால் அந்தத் தெருவுக்கு அவர்தான் டாக்டர். வாயாடிக்குக் காய்ச்சல் வந்தால் அவர்தான். மாடிவீட்டுக் குழந்தைக்கு அவர்தான். வண்டி தள்ள வந்திருக்கும் புது ஆளுக்கும் அவர்தான். எனக்கு இன்னும் ஒரு கால் இருக்கிறது, அதற்கும் அவர்தான்.

அவர் கையைப் பிடித்தேன். கைகுலுக்க என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். போர்வையை விலக்கி, அந்தக் கையை என் மிச்சக் காலின் மேல் வைத்தேன். கெண்டைக்காலில், முழு உள்ளங்கையும் படும்படி.

"இந்தக் காலும் சிவக்காது டாக்டர்" என்றேன். "சூடு பாத்து வெச்சுக்குங்க. இதுதான் நல்லா இருக்கிற சூடு."

கையை இழுக்கப் பார்த்தார். நான் விடவில்லை. வார்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

நலமில்லாமல், ஆனால் உன்
கருவண்டு